ஜெர்மனி உறையைத் தடுத்து நிறுத்திய பரிமளா அம்மையாருக்கு

பச்சைமலைச் சாரல் சின்ன வெங்காய உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவில் இருபத்தோராண்டுகள் அரும்பணி ஆற்றி, இன்று பணி நிறைவு காணும் திருமிகு வி. பரிமளா அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்.

அயல்மொழிக்கு அஞ்சாது அதன் அருகில் சென்று அமர்ந்த அம்மையே! ஐயம் வந்தபோது ஐயம் என்றே அறிவித்த ஆற்றலே! சொல்லைச் சோதித்து, சொன்னதைச் சோதித்து, சோதித்ததையும் மீண்டும் சோதித்த சோர்விலாச் செல்வியே! விக்கிரமங்கலத்தில் விடியுமுன் பேருந்தேறி வேப்பந்தட்டைச் சாலையில் வெயிலேறுமுன் வந்திறங்கி, ஒருநாளும் எங்களைக் காத்திருக்க வைக்காத காலந்தவறாமையே! வணக்கம்!

இப்படியே தங்கள் முகம் பார்த்துப் புகழ் பாடி முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினோம். ஆனால் மடல் எழுதும் செய்தி சென்ற வாரம் தங்கள் காதுக்கு எட்டிவிட்டது. தாங்கள் மேலாளர் அறைக்கு வந்து, "எழுதுறதா இருந்தா அந்தத் தப்பையும் சேத்து எழுதுங்க சார். இல்லன்னா அன்னிக்கு நான் லீவு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பாராட்டு மடலில் தப்பை எப்படி எழுதுவது என்று நாங்கள் குழம்பிப் போனோம். தங்களை நேரே பார்த்துச் சொல்ல நா எழவில்லை. ஆகவே இந்த அவையைப் பார்த்துச் சொல்கிறோம். பரிமளா என்று ஒருவர் இருந்தார், அவருக்கு இப்படி நடந்தது என்று சொல்கிறோம். யாரோ ஒருவர் கதையைக் கேட்பதுபோல் தாங்களும் கேட்டிருங்கள். எழுந்து போய்விடாதீர்கள்.

அவையோரே! பரிமளாவைப் பெற்றவர்கள் பிறர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். மகளை அரியலூர்க் கல்லூரியில் வணிகவியல் படிக்க வைத்தார்கள். அரியலூரில் ஒரு வழக்கறிஞரிடம் பதினைந்து ஆண்டுகள் தட்டச்சு செய்தார். ஒப்பந்தம் என்றால் எந்தச் சொல் எங்கே நிற்க வேண்டும் என்பது அங்கே விரலில் ஏறியது. நம் நிறுவனம் தொடங்கிய ஆண்டில் முப்பத்தொன்பது வயதில் இங்கு வந்தார். வெங்காயத்தை உரித்து, சீவி, உலர்த்தி, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது நம் தொழில். கடிதம் எழுதுவது அவர் தொழில்.

ஏழாண்டு கழித்து ஜெர்மனியிலிருந்து உலர்த்தும் இயந்திரம் வந்து இறங்கியது. கூடவே வந்த புத்தகம் முழுக்க ஜெர்மன். பொத்தானை அழுத்தப் பயந்து நான்கு நாள் எல்லோரும் இயந்திரத்தைச் சுற்றி வந்தோம். ஐந்தாம் நாள் பரிமளா திருச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே நாற்பத்தாறு வயதில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார். முதல் இரண்டு நிலைகளில் தேறினார். மூன்றாம் நிலையில் இரண்டு முறை தோற்றார். தோற்றதையும் அவரே வந்து சொன்னார், தேறியதைச் சொன்ன அதே குரலில்.

அதன்பின் ஜெர்மனியிலிருந்து வந்த தாள் எதுவானாலும் அவர் மேசைக்குத்தான் போகும். அவர் ஆங்கிலத்தில் ஆக்குவார். மேலாளர் அறிவழகன் படிப்பார். தலைவர் அரியமுத்து கையெழுத்திடுவார். இப்படிப் பதினோராண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதம். அதற்கு முந்தைய எட்டு மாதமும் பெரிய ஆர்டர் எதுவும் இல்லை. உரிக்கும் கூடத்தில் முப்பத்தெட்டுப் பெண்கள் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வடக்கு ஜெர்மனியில் மசாலாப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து மூன்றாண்டு ஒப்பந்தம் வந்தது. பதினோரு பக்கம். கையெழுத்திட்ட பிரதி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லையேல் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வோம் என்று மேலே ஒரு குறிப்பு. வழக்கென்று வந்தால் ஜெர்மன் வாசகமே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் இன்னொரு குறிப்பு.

பரிமளா ஆறு பக்கத்தைத் தடங்கலின்றிக் கடந்தார். ஏழாம் பிரிவில் நின்றுவிட்டார். அதன் தலைப்பு 'வாடிக்கையாளர் விலை'. முதல் வரி, வாங்குபவரை நாம் மிகவும் வேண்டப்பட்ட வாடிக்கையாளராக வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. வைத்துக்கொள்வதென்றால் எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. மேலாளரிடம் கேட்டார்.

"மரியாதையாத்தான் இருக்கும் மேடம். நம்ம ஊர்க் கோயில்ல பரிவட்டம் கட்டுற மாதிரி அவங்களுக்கும் ஒரு இது. கட்டிட்டாப் போச்சு" என்றார் அறிவழகன்.

இரண்டாவது வரியில்தான் வந்தது அந்தச் சொல். கியூன்ஸ்டிக். அந்த ஜெர்மன் சொல்லின் அர்த்தம், பொருட்களோடு வந்தால் ஒன்று, காற்றோடு வந்தால் ஒன்று, விலையோடு வந்தால் இன்னொன்று. அகராதியில் 'சாதகமான' என்று முதலில் இருந்தது. கணினி மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்தார். அது காலையில் 'சாதகமான' என்றது. அதே வரியைச் சற்று மாற்றி மாலையில் இட்டபோது 'மலிவான' என்றது. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று அரை நாள் குழம்பினார். வழக்கறிஞர் அலுவலகப் பழக்கம் கைகொடுத்தது, அல்லது கைவிட்டது. ஒப்பந்தத்தில் 'மலிவு' என்ற சொல் நன்றாக இருக்காது என்று எண்ணி, 'சாதகமான' என்றே ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு மேலாளருக்கு வாயாலும் சொன்னார்.

"வேற யாருக்காவது இதவிட நல்ல வெலைக்கு வித்தோம்னா, அன்னியிலேருந்து அந்த வெலையே இவங்களுக்கும்னு போட்டிருக்கு சார்."

அறிவழகன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அட! திருச்சி வியாபாரி நமக்குக் கூடக் குடுத்தா, இவனும் கூடக் குடுப்பானா? இப்படியும் ஒரு மனுசனா!"

திங்கட்கிழமை தலைவர் அரியமுத்து அரும்பாவூரிலிருந்து வண்டியில் வந்தார். ஏழாம் பிரிவை மேலாளர் அவருக்கு இரண்டு முறை மகிழ்ச்சியோடு விளக்கினார். தலைவர் பதினோரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். இனிப்பு வாங்கிவரச் சொன்னார். உரிக்கும் கூடத்தின் பொறுப்பாளர் ஜோதி வந்து பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே வாரம் முழுக்க வேல இருக்குமா மேடம்?" என்று கேட்டார். "இருக்கும்" என்றார் பரிமளா. உறை ஒட்டப்பட்டது. மறுநாள் பதினோரு மணிக்குக் கூரியர்.

அந்த மறுநாள் காலை, அவையோரே, வழியில் பழுதாகி இரண்டு மணி நேரம் தாமதமாக அரியலூரிலிருந்து பெரம்பலூர் வந்த பேருந்தில் பரிமளாவுக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடித்த வெறுஞ்சாக்கைக் கக்கத்தில் வைத்திருந்தார். "எல்லாம் நல்ல வெலைக்குப் போயிருச்சு" என்றார். மற்றவர் காலடியில் இருந்த பையைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் நல்ல வெலைக்கு வந்துச்சு, அதான் அஞ்சு கிலோவா வாங்கிட்டேன்" என்றார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

பரிமளாவும் சிரித்தார். சிரித்து முடிக்குமுன் ஏழாம் பிரிவு நினைவுக்கு வந்தது. விற்றவளுக்கு நல்ல விலை என்றால் கூடுதல். வாங்கியவளுக்கு நல்ல விலை என்றால் குறைவு. ஒப்பந்தம் எழுதியவன் வாங்குகிறவன். அப்படியானால் ஏழாம் பிரிவில் இருப்பது யாருக்கு நல்ல விலை?

நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. மனத்துக்குள் அந்த வரியை ஒருமுறை படித்தால் ஒரு பொருள் வந்தது. இன்னொரு முறை படித்தால் அதற்கு நேர்மாறாக வந்தது. நான் நினைத்ததுதான் சரியாக இருக்குமோ, இப்போதுதான் குழம்புகிறேனோ என்று தோன்றியது. பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, வேப்பந்தட்டைப் பேருந்து என்று நினைத்துத் துறையூர்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். குரும்பலூர் வந்தபோதுதான் சன்னலுக்கு வெளியே பார்த்தார். மணி பத்தேகால். அங்கேயே இறங்கி, சாலையோரத்தில் நின்றபடி அனுப்புகைப் பிரிவு செல்லதுரைக்குப் போன் போட்டார்.

"செல்லதுரை, கூரியர்காரர் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு மேடம். டீ குடிச்சிட்டிருக்காரு. நீங்க எங்க இருக்கீங்க?"

"குரும்பலூர்ல. அந்த ஜெர்மனி கவரக் குடுக்காதீங்க."

"குரும்பலூர்லயா? அங்க என்ன மேடம்? கவர ஏன் குடுக்கக் கூடாது?"

"தெரியல செல்லதுரை. குடுக்காதீங்க."

செல்லதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உறையைத் தன் சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்காராத குறையாக நின்றுகொண்டார். கூரியர்காரர் மற்ற பொதிகளோடு போய்விட்டார்.

பரிமளா வந்து சேர்ந்தபோது மேலாளர் வாசலிலேயே நின்றார். அவர் கோபத்தை நாங்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை.

"தலைவர் கையெழுத்துப் போட்ட கவர நீங்க எப்படி நிறுத்தலாம்? ஒரு வார்த்தைக்காகவா? வெள்ளிக்கெழம போகலன்னா ஆர்டர் போச்சு. அது தப்புன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது சார். நான் எழுதுனது சரின்னும் தெரியல. தெரியாமத்தான் நிறுத்தினேன்."

"பதினோரு வருசமா நீங்க சொன்னதத்தான நாங்க நம்பினோம்!"

"அதனாலதான் சார்" என்று மட்டும் சொன்னார்.

தலைவருக்குச் சொல்லி அனுப்பினோம். அரியமுத்து வந்து, இரு பொருளையும் கேட்டார். முதலில் கேட்டது மறந்துபோய் மறுபடி கேட்டார். "ஏம்மா, நான் கையெழுத்துப் போட்டது எதுக்கு? கூடக் குடுக்குறதுக்கா, கொறைச்சுக் குடுக்குறதுக்கா?" என்றார்.

அப்போது பரிமளா ஒரு வழி சொன்னார். சொல்லுக்குப் பொருள் கேட்டால் அவர்கள் இன்னும் நாலு சொல் எழுதுவார்கள்; அதிலும் குழப்பம் வரும்; எண்ணைப் போட்டுக் கேட்போம் என்றார். அன்றே மின்னஞ்சல் போனது. 'உங்களுக்கு நூறு என்று விற்கிறோம். திருச்சி வியாபாரிக்கு அதே சரக்கை ஒருநாள் அறுபது என்று விற்கிறோம். மறுநாள் நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தருவீர்கள்?'

மறுநாள் மதியம் பதில் வந்தது. 'அறுபது. நன்றி.'

மாசி மாதம் எல்லோர் காட்டிலும் வெங்காயம் ஒரே நேரத்தில் வந்து குவியும். அப்போது உள்ளூர் வியாபாரிக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது நம் வழக்கம். அப்படி ஒருநாள் தள்ளினால், மூன்றாண்டுக்கும் ஜெர்மன் விலை சேர்ந்து சரிந்திருக்கும். ஜெர்மன் விலையை வைத்துத்தான் நம் உழவர்களுக்கு நாம் விலை வைக்கிறோம். மேலாளர் அறிவழகன் பரிமளாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

சனிக்கிழமை சரக்குக் கொட்டகையில் உழவர் கூட்டம் கூடியது. வெள்ளிக்கிழமைக் கெடு முந்தின நாளே கடந்துவிட்டது. நடந்தது என்ன என்று பரிமளாவே எழுந்து சொல்ல வேண்டும் என்றார் தலைவர். பரிமளா சொன்னார். வேப்பந்தட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் வீரம்மாள் முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஏம்மா, அப்ப அந்த வெள்ளக்காரன் நம்மள ஏமாத்தப் பாத்தானா?"

எங்களில் பலர் ஆமென்று சொல்லத் தயாராக இருந்தோம். அப்படிச் சொல்லியிருந்தால் பரிமளாவுக்கும் எளிது.

"இல்லீங்க. அவங்க எழுதுனது தெளிவாத்தான் எழுதியிருக்காங்க. நமக்குப் புடிச்ச மாதிரி நான்தான் படிச்சுட்டேன்."

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. வீரம்மாள் உட்காரவில்லை. "அப்ப இன்னொரு தரம் படி" என்றார்.

"படிச்சாச்சுங்க. நேத்து பூரா படிச்சாச்சு."

"எங்களுக்குப் படி. எங்க காதால கேக்குறோம்."

பரிமளா ஏழாம் பிரிவை எடுத்து, ஜெர்மனிலிருந்து நேரே தமிழில், ஒவ்வொரு வரியாக நிறுத்திப் படித்தார். 'விற்பவர் வேறு எவருக்கேனும் இதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தால்' என்று படித்ததும் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அதே வரியிலிருந்து தொடங்கினார். நம் நிறுவனத்தின் ஒப்பந்தம் ஒன்றை நம் உழவர்கள் முழுதாகக் காதால் கேட்டது அதுவே முதல் முறை. கேட்டு முடித்துக் கை தூக்கினார்கள்: ஏழாம் பிரிவை மாற்றினால் ஒப்பந்தம், இல்லையேல் வேண்டாம்.

அதன் பிறகு வந்த ஒரு மாதம் பரிமளாவுக்கு எளிதாக இல்லை. ஜெர்மனிக்காரர் பதில் எழுதவில்லை. உரிக்கும் கூடம் பூட்டிக் கிடந்தது. இருந்த சில்லறை ஆர்டர்களும் முடிந்து, வாரம் இரண்டு நாள் வேலையும் நின்றது. ஜோதி ஒருநாள் வாசலில் நின்று, "ஒரு வார்த்தைக்கு ஒரு மாசக் கூலி போச்சே மேடம்" என்றார். தான் செய்தது சரியா தப்பா என்று அவருக்கே மறுபடி குழம்பிவிட்டது. ஆர்டரே போய்விட்டால் என்ன செய்வது? மேலாளர் மேசைமேல் ஒரு நாள் ராஜினாமாக் கடிதம் இருந்தது. மேலாளர் அதைப் படித்துவிட்டு அவரிடமே கொண்டுபோய், "இதுல ஒரு வார்த்த எனக்குப் புரியல மேடம், அப்புறமா வந்து கேக்குறேன்" என்று கொடுத்துவிட்டு வந்தார். இன்றுவரை கேட்கவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் பதில் வந்தது. நம் நாட்டுக்குள் விற்கும் விலை கணக்கில் சேராது. ஜெர்மனிக்குள் வேறு யாருக்காவது விற்றால் மட்டுமே ஏழாம் பிரிவு செல்லும் என்று மாற்றியிருந்தார்கள். ஜெர்மனியில் நமக்கு வேறு வாடிக்கையாளரே இல்லை. பரிமளா அந்தப் பதிலை மூன்று நாள் வைத்திருந்து, நான்கு எண் கணக்குகள் போட்டு மறுபடி கேட்டு, அவற்றுக்கும் விடை வந்த பிறகே ஆங்கிலப் படியைக் கொடுத்தார். அந்த மூன்று நாளும் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம் என்பதையும் இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த மாசியில் வெங்காய விலை விழுந்தது. சேமிப்புப் பட்டறைகளில் வெங்காயம் முளைவிட்டுக் கிடந்தது. உள்ளூரில் வந்த விலைக்குத் தள்ளினோம். ஜெர்மன் விலை அசையவில்லை. உரிக்கும் கூடத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கும் வாரம் ஆறு நாள் வேலை நடந்தது. ஜோதி தன் மகள் திருமணப் பத்திரிகையை முதலில் பரிமளாவிடம் கொடுத்தார்.

அம்மையே! அவைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம்; இனித் தங்களையே பார்த்துச் சொல்கிறோம். தப்பை எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டோம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், எது தப்பு, எது தகைமை என்று எங்களால் பிரித்தெடுக்க முடியவில்லை. பொறுத்தருள்க!

கண்ணொளி குன்றாமல், காலடி தளராமல், கவலை அணுகாமல், விக்கிரமங்கலத்து வீட்டில் விடிந்த பிறகும் விரும்பிய மட்டும் உறங்கி, நூறாண்டும் அதற்கு மேலும் நோயின்றி நிறைந்து வாழ்க! பேரப்பிள்ளைகள் சூழப் பெருமகிழ்வு கொள்க! இனி எந்தப் பேருந்தில் ஏறினாலும் எண்ணிய ஊருக்கே சென்று சேர்க!

ஒன்றை மட்டும் இந்த நன்னாளில் மறைக்க மனம் வரவில்லை. மூன்றாண்டு முடிந்து, புதிய ஒப்பந்தம் நேற்று மாலை வந்துவிட்டது. இந்த முறை பதினான்கு பக்கம். மேலாளர் அறிவழகன் ஏழாம் பிரிவைத் திறந்து பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பார்த்தார். கணினி மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்தும் அதில் ஒரு வரி எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதாக எவரும் காட்டிக்கொள்ளவும் இல்லை. எவரும் கையெழுத்திடவில்லை. எண்ணைப் போட்டுக் கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறோம். உழவர் கூட்டத்துக்கும் நாள் குறித்துவிட்டோம்.

என்றும் தங்கள் அன்பில் நனையும்,
மேலாளர், அலுவலர்கள், அனுப்புகைப் பிரிவினர், உரிக்கும் கூடத்து மகளிர் முப்பத்தெண்மர்
பச்சைமலைச் சாரல் சின்ன வெங்காய உற்பத்தியாளர் நிறுவனம்
வேப்பந்தட்டைச் சாலை, பெரம்பலூர் மாவட்டம்